கடைசியாகத் திருத்திய இடம்

பிஜியின் நவுவா ஊரில் விற்கப்பட்ட வீடுகள் 2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொன்றாக மஞ்சளாக ஒளிரத் தொடங்கின. தலைநகர் சுவாவில் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சி கவிழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன, அடிக்குப் பயந்து இந்தியர்கள் வீடுகளை விற்றுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வீடுகள் ஒளிர்வதன் காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வக்கீல் பல்ராமின் அலுவலகத்தில் உர்மிளா கிரயப் பத்திரங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அங்கிருந்த பழைய கணினிக்கு மவுஸ் கிடையாது, எல்லாம் விசைகள்தாம். விற்பவர் பெயரை அழித்து வாங்குபவர் பெயரை எழுதிவிட்டு இரண்டு விசைகளைத் தட்டினால், கடைசியாகத் திருத்திய பகுதி மறுபடி தேர்வாகித் திரையில் மஞ்சளாக நிற்கும். பிழை பார்க்க வசதி. அவள் தட்டும்போதெல்லாம் அந்தப் பத்திரத்துக்குரிய வீடும் ஆற்றங்கரையில் மஞ்சளாகும். அடுத்த திருத்தம் செய்ததும் ஒளி அந்த வீட்டை விட்டு அடுத்ததற்குப் போய்விடும். சந்தைக்கு வந்தவர்கள் இன்று யார் கிளம்புகிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போனார்கள்.

ஆகஸ்டில் அவளுடைய அப்பா அப்பலசாமியின் பத்திரம் வந்தது. நெல் பயிரிட்டு வாழ்ந்த மனிதர், மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். ஜன்னலில் கல் விழுந்த பிறகு, பிரிஸ்பேனில் இருக்கும் தன் தம்பி கௌஷலிடம் போகச் சொன்னது உர்மிளாதான்.

"நா போயிட்டா உன்ன யாரும்மா பாத்துக்குவா?"

"எனக்கு வூட்டுக்காரரு இருக்காருப்பா. நீங்க கெளம்புங்க."

அவர் பெயரை அழித்தாள், புதுப்பெயரை எழுதினாள், இரண்டு விசைகளையும் தட்டினாள். வீடு ஒளிரவில்லை. கையெழுத்துப் போட எதிரே காத்திருந்த அப்பா ஒளிர்ந்தார்.

நாந்தி விமான நிலையத்தில் அதிகாரி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். பிரிஸ்பேனில் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. அவருடைய இந்தியும் பாதிதான் புரிந்தது. "இன்னும் எரியுதும்மா," என்று தொலைபேசியில் சொன்னார். "நீ பக்கத்துல குந்தியிருக்கிற மாதிரி கதகதன்னு இருக்குது."

அப்பா ஒளிர்ந்த நாளிலிருந்தே உர்மிளா ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. அந்தக் கணினியைப் பழகியவர் வேறு யாருமில்லை, பத்திரங்கள் குவிந்தன. பல்ராம் திட்டினார், பிறகு கெஞ்சினார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பரில் ரஞ்சனா வந்தாள், பக்கத்துத் தெருக்காரி. அவள் கணவனை இரண்டாம் முறையாக அடித்திருந்தார்கள். வீடு கைமாறினால்தான் ஊரை விட்டுப் போக முடியும். "தீதி, என்னோடத மட்டும் முடிச்சிடுங்க," என்று அக்கா முறை வைத்து இந்தியில் கேட்டாள். "என் புள்ளைங்க செருப்போடயே படுக்குதுங்க."

உர்மிளா அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னாள். தட்டினால் ஒளி அவரை விட்டுப் போய்விடும் என்பதையும் சொன்னாள்.

"அதுங்க செருப்பக் கழட்டிட்டுத் தூங்கட்டும்மா," என்றார் அப்பலசாமி. "நீ தட்டு."

அவள் தட்டினாள். மாலை முழுக்க ரஞ்சனாவின் வீடு பாலத்துக்கு அப்பாலும் தெரிந்தது. பிரிஸ்பேனில் பெரியவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு குளிருகிறது என்றார். கௌஷல் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தான். நவுவாவில் மறுநாள் வேறொரு வீடு ஒளிர்ந்தது.