எல்லா வேலையும் தெரியும்

அந்த டைல்ஸ்காரருக்கு வாய்தான் சத்துரு. வேறு யார் மேல் பழி போட?

பதினெட்டு வருஷம் தெருமுக்கில் நின்று வேலை பிடித்த ஆள். அங்கே மேஸ்திரி வண்டியை நிறுத்தி என்ன தெரியும் என்று கேட்டால், எல்லா வேலையும் தெரியும் என்று சொல்லிவிட்டு முந்தி ஏறுகிறவனுக்குத்தான் அன்றைக்குப் பிழைப்பு. யாருக்கு நிஜமாக என்ன தெரியும் என்பதைக் கை அப்புறம் சொல்லிவிடும். இவர் கை டைல்ஸில் பேசியது. ரசமட்டம் வைக்காமல் கண்ணாலேயே மட்டம் பார்த்துவிடுவார்.

பிறகு வேலை மையம் வந்தது. மேஸ்திரிகள் அங்கே போன் போட்டே ஆள் கேட்க ஆரம்பித்ததில் தெருமுக்கு காலியாகிவிட்டது. இவரும் பதியப் போனார். கவுண்டரில் இருந்த பெண் அதே கேள்வியைக் கேட்டாள். இவர் பழக்கதோஷத்தில் அதே பதிலைச் சொல்லித் தொலைத்தார். அவள் 'பொது வேலை' என்று கம்ப்யூட்டரில் தட்டினாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

மையத்தையும் சும்மா திட்டக்கூடாது. முன்பு வாரத்தில் மூன்று நாள் கிடைத்தால் அதிசயம், இப்போது ஆறு நாளும் கூப்பிட்டார்கள். எதற்கு? இடித்த செங்கல்லை அள்ள, மணல் மூட்டையை நாலாவது மாடிக்குச் சுமக்க. கூலியும் சித்தாள் கூலி. ஆறு நாள் முதுகொடிந்தும் பழைய மூன்று நாள் சம்பாத்தியத்தைத் தொட முடியவில்லை. அந்தக் குறையை அடைக்கத்தான் மனைவி சாயந்திரமும் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். பாவம், இழுப்புக்காரி. ஈரத்தில் நின்றுவிட்டு வந்தால் பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கும்.

பதிவை மாற்ற ஒரே வழி, தொழில் தேர்வு. அதற்கு ஏழு மாதம் காத்திருந்தார். முந்தின நாள் மனைவி சொன்னாள்: "நாளையிலேர்ந்து வரமாட்டேன்னு அந்த வீட்டுல சொல்லிட்டேன். உங்க கையப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவர் பரணில் கிடந்த கொத்துக்கரண்டியை எடுத்துத் துரு தேய்த்தார்.

தேர்வு, வேலை மையத்தின் பின்பக்கம் நடந்தது. ஆளுக்கு ஆறு டைல்ஸ், முக்கால் மணி நேரம். கலவையை விரித்து முதல் டைல்ஸைக் கையில் எடுத்தவருக்குத் திக்கென்றது. ஏழு மாதம் மூட்டை சுமந்த தோள் கையைச் சொன்னபடி கேட்கவிடவில்லை. பதித்தார், பெயர்த்தார், மறுபடி பதித்தார். கண் மட்டும் பழைய கண்ணாகவே இருந்து அவரை வதைத்தது.

நேரம் முடிந்ததும் சோதிக்க வந்த இளைஞன் ரசமட்டத்தோடு குனிந்தான்.

"வைக்க வேணாம் தம்பி. வலது கோடி தூக்கியிருக்கு."

அவன் வைத்துப் பார்த்தான். குமிழி வலது பக்கம் போய் நின்றது. கண்ணால் எப்படிச் சொன்னீர்கள் என்று வியந்து போய்க் கேட்டான். அவனுக்கும் சங்கடம்தான். ஆனால் கண்ணுக்கு மார்க் போட அவன் தாளில் கட்டம் இல்லை. அடுத்த தேர்வுக்கு வாருங்கள் என்றான். கவுண்டரில் நாளைக்கான டோக்கன் கொடுத்தார்கள், செங்கல் அள்ள.

மத்தியானம் வீடு திரும்பியவருக்கு மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவராகத்தான் வாயைத் திறந்தார்.

"கை கேக்கல."

அவள் அந்தத் தோளைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"அந்த வீட்டுல வேற ஆள் வைக்கிறதுக்குள்ள ஓடிப்போய், வரேன்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.