கேள்வி இல்லாத அழைப்புகள்

தொற்று தொடங்கிய மறு வருடம், நாரின் நகருக்கு மேலே உள்ள மலையூர்களில் எங்கள் மனநலப் பிரசாரம் என்ன பயன் தந்தது என்று மதிப்பிடும் வேலை எனக்கு வந்தது. சுவரொட்டி, வானொலி அறிவிப்பு, இலவச ஆலோசனைத் தொலைபேசி ஆகிய மூன்றில் தொலைபேசிக்குத்தான் ஆபத்து. பயன்படவில்லை என்று தெரிந்தால் மே மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

கொக்-தூபே என்ற ஊரிலிருந்து ஒரே எண்ணில் வாரந்தோறும் அழைப்பு வந்திருந்தது. அவற்றையெல்லாம் கணக்கிலிருந்து கழித்துவிடச் சொன்னான் அலுவலகத் தலைவன் எர்மெக்.

"கேள்வியே கேக்கல அக்கா. அரை மணி நேரம் அழுது பாடிட்டு வெச்சிடறாங்க அந்தம்மா. இதை ஆலோசனைன்னு எப்படி எழுதறது?"

யாரென்று பார்க்கப் போனேன். ஊல்கான் என்ற அந்தப் பெண் வாசலில் நின்றபடியே, ஆடு குட்டி எல்லாம் சுகம் என்றாள். தொலைபேசிப் பேச்சை எடுத்ததும் முகம் சுருங்கியது.

"போன் எடுக்கற அந்தப் பொண்ணு புகார் பண்ணிடுச்சா?"

இல்லை என்றேன். பிறகுதான் சொன்னாள். போன ஜூலையில் காய்ச்சலில் கணவன் போய்விட்டான். துக்கத்துக்கு வருகிறவர்கள் வெளியிலிருந்தே குரலெடுத்து அழுதுகொண்டு வருவார்கள். உள்ளே வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் மனைவி ஒப்பாரியால் பதில் சொல்வாள். அதுதான் எங்கள் வழக்கம். ஊல்கானும் முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஊரை அடைத்திருந்தார்கள், யாரும் வரவில்லை.

"கேக்க ஆளில்லாம ஒப்பாரி வெச்சா பைத்தியம்னுவாங்க அக்கா. துக்கத்தை உள்ள வெக்காதீங்க, எங்ககிட்ட சொல்லுங்கன்னு நீங்கதான செவுத்துல ஒட்டினீங்க. சொன்னேன். நடுவுல லைன் கட்டாயிடும், மறுபடி மொதல்லேர்ந்து. அந்த மனுஷனும் அப்படித்தான், எதையும் முழுசாக் கேட்டதில்ல."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லும்?"

"ஒண்ணும் சொல்லாது. மூக்கை உறிஞ்சும். எனக்கு அது போதும். ஜூலையில அவருக்கு வருஷ விருந்து, அதோட துக்கம் முடியும். அதுவரைக்கும் இந்த போன் இருக்கும்ல?"

அவளுடைய அழைப்புகளையும் சேர்க்க வேண்டும், அவள்தான் இந்தத் தொலைபேசியை உண்மையாகப் பயன்படுத்தியவள் என்று அறிக்கையில் எழுதினேன். எர்மெக் இரண்டு முறை படித்தான்.

"கொடுத்த ஆலோசனைன்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல என்ன போடறது, மூக்கை உறிஞ்சினதுன்னா?" என்றவன் சிரிக்கவில்லை. "எங்கம்மா போனப்ப நான் அழவே இல்ல. என்னை எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

அறிக்கையைத் திருத்தாமல் தலைநகருக்கு அனுப்பினான். அங்கே கழித்துவிட்டார்கள்.

மே மாதத்தோடு தொலைபேசி நின்றுவிடும் என்று ஏப்ரல் கடைசியில் நானே போய் ஊல்கானிடம் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்கு வேற வேலை கெடச்சுதா?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு, "பாதிதான் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"நான் வந்திருக்கேனே. எங்கிட்ட சொல்லு."

சற்று யோசித்துவிட்டு உள்ளே போய் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். நானும் முறைப்படி முற்றத்திலிருந்தே அழுதபடி உள்ளே வந்து அவள் பக்கத்தில் அமர்ந்தேன். அவள் வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது. மறுபடி முயன்றாள்.

"வரமாட்டேங்குது அக்கா. ஆள் பக்கத்துல இருந்தா வரல. போனைக் காதுல வெச்சே பழகிட்டேன்."

எழுந்தாள். பால் கறக்க நேரமாகிவிட்டது என்று வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் வீட்டில் நான் மட்டும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.