ஏறி வரும் வண்டி

வாடகைக் கார் எடுத்துக் கடல் பார்க்கப் போகலாம் என்று நச்சரித்தது நான்தான். ஓமானுக்கு வந்து ஒரு மாதமாய் அறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வெறுத்துப்போகாது? என் வீட்டுக்காரர் பழனிச்சாமிக்கு மனசே இல்லை. ஊரில் டூரிஸ்டுகளைத் தினமும் மாட்டுப்பட்டி அணைக்கு ஏற்றிப்போன மனுஷன், என்னை ஒரு நாள்கூடக் கூட்டிப்போனதில்லை.

கடலோர ஊரான கஸப்புக்குப் போகிற ரோடு மலைக்கும் கடலுக்கும் நடுவே நெளிந்து நெளிந்து போகிறது. முதல் வளைவிலேயே ஹாரன் அடித்தார்.

"இங்க ஹாரன் அடிச்சா திட்டுவாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

முகம் வெளிறியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாய் இவர் லாரி ஓட்டுவது வளைவே இல்லாத பாலைவன ரோட்டில். அப்படி ஒரு வேலையாகத்தான் தேடிப் பிடித்திருக்கிறார்.

எங்கள் ஊர் தேவிகுளத்தில் இவரும் என் தம்பி பாண்டியும் ஜீப் ஓட்டினார்கள். எஸ்டேட் ரோட்டில் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். எதிர் ஹாரன் கேட்டால், இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இவர் ஓமானுக்கு வருவதற்கு முன்னால் ஒரு மழை நாளில் இவர் இறங்கினார், பாண்டி ஏறினான். இவர் ஹாரன் அடித்தார். அவன் தன் வழக்கப்படி இரண்டு தரம் குட்டையாய், ஒரு தரம் நீளமாய்ப் பதில் அடித்தான். இவர் ஒதுங்கிக் காத்திருந்தார். பாண்டி வரவே இல்லை. ஜீப்பை ஆற்றிலிருந்து தூக்கினார்கள், அவன் கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் காரியம் செய்யக்கூடாது என்று எல்லார் வாயையும் அடைத்தவள் நான்.

ஒரு பெரிய இறக்கத்தில் மறுபடி ஹாரன் அடித்தார். வளைவுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். சத்தியமாக எனக்கும் கேட்டது.

காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

"என்னங்க, எடுங்க."

"ஏறி வர்றான்ல லச்சுமி. வழி விடணும்."

எதுவும் வரவில்லை. பின்னால் வந்த வண்டிகள் எங்களைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. கெஞ்சினேன், கத்தினேன், தோளைப் பிடித்து உலுக்கினேன். ஸ்டியரிங்கைப் பிடித்த கை அசையவில்லை, கண் வளைவிலேயே குத்திட்டு நின்றது. தம்பியோடு இவரும் எனக்கு இல்லாமல் போகப்போகிறார் என்று தோன்றியது.

இறங்கி வளைவுக்கு நடந்தேன். அந்தப் பக்கம் வெறும் ரோடு, கீழே கடல்.

"பாண்டி" என்று கூப்பிட்டேன். நான் கூப்பிட்டால் வந்துவிடுவான் என்று மனசின் ஒரு மூலை வெட்கமே இல்லாமல் இன்னும் நம்பியது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு காலி ரோட்டைப் பார்த்துக் கையை அசைத்தேன். வா, வா. போ.

காருக்குத் திரும்பினேன்.

"அவன் போயிட்டான்ங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கை காட்டுனானா?"

"காட்டுனான். மச்சானைப் போகச் சொன்னான்."

சாவியைத் திருகினார். கஸப் வரும்வரை அழுதுகொண்டே ஓட்டினார், நானும் அழுதேன். கடலை இரண்டு பேருமே பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள்.

"பாண்டிக்குக் காரியத்தப் பண்ணிரும்மா" என்றேன்.