கறை பிடிக்கும் மருந்து

ஈறு நோய்க்காரர்களுக்குப் பல்லைச் சுத்தம் செய்வதோடு வாய் கொப்பளிக்கும் மருந்தும் கொடுத்தால் கூடுதல் பலன் உண்டா என்று எங்கள் பல் மருத்துவமனையில் சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. பாட்டிலில் எண் மட்டும்தான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தை அளந்து எழுதுவது என் வேலை.

பதினேழாம் எண், என் அக்கா. நகைக்கடை வாசலில் சிரித்து வரவேற்கும் வேலை. முன்பல் ஆடத் தொடங்கியதும் அழுது தீர்த்துவிட்டாள்.

"பல்லு போச்சுன்னா வேலையும் போச்சுடி."

நான்தான் சோதனையில் சேர்த்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து வந்தவர்களில் சிலருக்குப் பல்லெல்லாம் பழுப்பு. உண்மையான மருந்துதான் அப்படிக் கறை பிடிக்கும். அக்காவின் பல்லோ பளிச்சென்று இருந்தது. யார் யாருக்கோ மருந்து, என் கூடப்பிறந்தவளுக்குப் பச்சைத் தண்ணீரா?

இருபத்துமூன்றாம் எண், ஒரு லாரி டிரைவர். அவர் பல்லில் நல்ல கறை. மீதி இரண்டு மாதத்துக்கான பாட்டில்களில் அவர் எண்ணையும் அக்கா எண்ணையும் உரித்து மாற்றி ஒட்டினேன். பாவி நான்!

மூன்றாம் மாதம் அக்காவின் பள்ளம் இன்னும் ஆழம். முன்பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும் என்றார் டாக்டர். அவளை வராந்தாவுக்கு இழுத்துப் போனேன்.

"ஒழுங்கா கொப்பளிச்சியா இல்லையா?"

"முதல் மாசம் ஒழுங்காத்தான் செஞ்சேன். அடுத்த பாட்டில்ல பல்லு கறுக்க ஆரம்பிச்சுது. மேனேஜர் என் வாயையே பாக்கறான். சிங்க்ல கொட்டிட்டேன்."

"ஐயோ, அது கிளினிக்ல தேய்ச்சா போற கறைதான்க்கா!"

"அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

சொன்னால் நான் மாற்றியது வெளியே வந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அவளிடம் அதையும் சொல்லவில்லை.

அடுத்து உள்ளே வந்தவர் லாரி டிரைவர். உட்கார்ந்ததும் கீழ்ப்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினார். அது அசைந்தது.

"ஒரு வேளைகூட விடலைம்மா. வழியில லாரிய ஓரங்கட்டிக்கூட கொப்பளிச்சேன். முதல் மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஏன் ஆடுது?"

"சிலருக்கு மருந்து கேக்காதுண்ணா."

"என் உடம்பு வாகு அப்படி. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று சொல்லிவிட்டு, நான் அளப்பதற்கு வசதியாக வாயை அகலத் திறந்தார்.