எறிய மட்டும்

லிஃப்ட் மெக்கானிக்கின் மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை கட்டினார்கள். பக்கத்தில் நின்ற மச்சானுக்குப் பச்சை. பட்டையோடு விட்டிருந்தாலும் போகட்டும் என்று இருந்திருப்பார். மச்சான் கையில் ஒரு பையையும் கொடுத்தார்கள். உள்ளே சட்டை, வீசி எறிய ஒரு புதுத் தட்டு, மத்தியானச் சாப்பாட்டுச் சீட்டு. இவருக்கு மதிப்பெண் அட்டையும் ஒரு பென்சிலும். பென்சிலைத் திருப்பித் தந்துவிட வேண்டுமாம்.

டிஸ்க் கோல்ஃப் ஒன்றும் பெரிய வித்தையில்லை. பிளாஸ்டிக் தட்டை வீசி, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழவைக்க வேண்டும்; குறைந்த வீச்சில் முடிப்பவரே ஜெயித்தவர். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்களின் போட்டி என்பதால் காசு கிடையாது, பொருள்தான் பரிசு. போட்டியை நடத்தும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்த வருஷம் கட்டணத்தை இரண்டாகப் பிரித்திருந்தார். 'முழுசு' கட்டினால் பை, சாப்பாடு, ஜெயித்தால் பரிசு. 'எறிய மட்டும்' என்றால் பாதி விலை. எறியலாம். ஜெயித்தால் கை தட்டுவார்கள். பரிசு அடுத்து வரும் பச்சைப் பட்டைக்குப் போய்விடும்.

இரண்டு பேருக்கும் பதிவு செய்தது லிஃப்ட்காரரின் மனைவி. மருந்துக் கடையில் வேலை. அளவு பிசகாத கை. தம்பிக்கு முழுசு, புருஷனுக்கு எறிய மட்டும். ஏதோ தவறு நடந்திருக்கும் என்று இவர் தயங்கித் தயங்கிக் கேட்க, கண்ணாடிக் கடைக்காரர் திரையைத் திருப்பியே காட்டிவிட்டார். தவறெல்லாம் இல்லை, மனைவி 'எறிய மட்டும்' என்பதைத் தெளிவாகத்தான் அமுக்கியிருந்தாள்.

"அக்காவுக்கு உங்க மேல அவ்வளவு நம்பிக்கை அத்தான்," என்றான் மச்சான், புதுச் சட்டையை மாட்டிக்கொண்டே.

சுருக்கென்று தைத்தது. நான் ஜெயிக்கவே மாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டாளா? பன்னிரண்டு மாடி லிஃப்டை ஒற்றை ஆளாக நிறுத்தி ஓட்டுகிறவன் நான்! வழக்கமாகத் தட்டு மரத்தில் பட்டால் மரத்திடமே மன்னிப்புக் கேட்கிற ஆசாமி, அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தார். சும்மா சொல்லக்கூடாது, கோபம் அவருக்கு நன்றாகவே வேலை செய்தது. மத்தியானம் பச்சைப் பட்டைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட, இவர் வண்டியில் கிடந்த பிஸ்கட்டை மென்றுவிட்டு மறுபடி எறிந்தார்.

கடைசிக் கூடைக்கு வந்தபோது அவரும் மச்சானும்தான் முன்னணியில், இருவரும் சமம். வேலை முடிந்த மனைவி, மருந்துக் கடை வெள்ளைக் கோட்டோடு வேலியோரம் வந்து நின்றாள். மச்சான் எறிந்தது கூடையின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. அவன் தோளைக் குலுக்கிக்கொண்டான். அவனுக்கென்ன, தோற்றாலும் பரிசு அவனுக்குத்தானே. இவர் எறிந்தார். சங்கிலி சலசலத்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு முதல் பரிசை, வீட்டிலேயே பயிற்சி செய்ய ஒரு கூடையை, மச்சானிடம் தூக்கிக் கொடுத்தார்கள்.

லிஃப்ட்காரர் நேராக வேலியோரம் போனார். "நான் ஜெயிக்க மாட்டேன்னு நினைச்சியா?"

"ரெண்டு பேருமே ஜெயிக்க மாட்டீங்கன்னுதான் நினைச்சேன்," என்றாள் அவள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"அப்புறம் அவனுக்கு மட்டும் எதுக்கு முழுசு?"

"அவனுக்குப் போடலேன்னா ஒரு மாசம் புலம்புவான். நீங்கதான் எதுவும் கேக்க மாட்டீங்களே."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊரே சொல்கிறது, தன் வீட்டிலும் அதே கணக்கு என்று இதுவரை இவருக்கு உறைத்ததே இல்லை. கால் ஆடும் நாற்காலி யாருக்கு? இவருக்கு. காலையில் குளியலறைக்குக் கடைசி ஆள் யார்? இவர்தான். எத்தனையோ வருஷமாக வீட்டிலும் இவருக்கு 'எறிய மட்டும்'தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தது அவளில்லை, வாயை மூடிக்கொண்டிருந்த தானேதான் என்று தெரிந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

கூடையைத் தோளில் சுமந்துகொண்டு மச்சான் வந்தான்.

"மச்சான், அந்தக் கூடை எனக்கு வேணும்."

மச்சான் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. அவன் காப்பாற்றச் சொல்லி அக்காவைப் பார்த்தான். அவளோ புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமானதிலிருந்து அந்த வாயிலிருந்து 'வேணும்' என்று ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை.

"கேக்கறாருல்ல, குடுடா," என்றாள்.

முணுமுணுத்தபடியே அவன் அதை இறக்கி வைத்தான். அவள் புருஷனின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, கொஞ்சம் பயந்தாற்போலக் கேட்டாள்: "வேற என்னங்க வேணும்?"

அவர் கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"இரு, யோசிக்கிறேன். நிறைய இருக்கு."