வெடிக்காத ஸ்டவ்

1

"இந்த ஸ்டவ்வைப் பத்தவைக்கிறது யாரோ, அவங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க."

நேற்றுக் காலை நான் சொன்னது இது. கதை இதிலிருந்துதான் பிறந்தது. என் அம்மா கங்கம்மா மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். நான் தொழில் தொடங்கும் முன்னால் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "போணிக்கு வந்தவன்கிட்ட கேள்வி கேக்காத. அவன் கைராசிதான் உன் பொழப்பு." நான் கேட்டேன். அதுவும் முதல் நாள், முதல் போணியிடம்.

2

ஆரம்பம், முதல் முயற்சி: "சாந்தோம் கடலிலிருந்து செங்கதிரோன் மெல்ல..." வேண்டாம். சூரியனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டாவது: "கங்காதரன் ஒரு ஸ்டவ் மெக்கானிக்." கதையை ஓர் ஆணிடம் கொடுத்துப் பார்த்தேன். கல்லூரி மலரில் என் கதைகளைப் போட்ட ஜெயபாரதியின் யோசனை. "பி.எஸ்ஸி. படிச்ச பொண்ணு பிளாட்பாரத்துல ஸ்டவ் ரிப்பேர் பண்றான்னா எவ நம்புவா?" என்றாள்.

(நம்பாதவர்களுக்கு: எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவிட்டுக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், கிண்டியில் ஒரு ஸ்டவ் கம்பெனியில் பர்னர் மாட்டினேன். கம்பெனியை இழுத்து மூடினார்கள். கல்யாணம் பண்ணிக்கொள் என்றார்கள். நான் ஈயம் உருக்கிப் பற்றவைக்கப் புளோ லாம்ப் வாங்கினேன்.)

கங்காதரன் நிலைக்கவில்லை. முதல் போணிக்கு வந்த கணேசமூர்த்தி அவனிடம் வந்திருக்கவே மாட்டார். ஆம்பிளை, எங்கேயாவது டீக்கடையில் வாயை விட்டுவிடுவான் என்று பயந்திருப்பார். என்னிடம் அவருக்கு அந்தப் பயம்கூட இல்லை. ஆகவே கதையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டேன்.

3

கணேசமூர்த்தி பாத்திரக்கடை முதலாளி. அவர் கடைப் படிக்குப் பக்கத்தில்தான் நான் சாக்கு விரித்திருக்கிறேன். அவர் உட்கார் என்றதால் உட்கார்ந்தேன். எழுந்திரு என்றால் எழவேண்டியதுதான். முதலில் அவருக்கு முறுக்கு மீசை வைத்து எழுதினேன். அடித்துவிட்டேன். அவருக்கு மீசையே இல்லை. நெற்றியில் சந்தனம், வாய் நிறைய "வாம்மா."

"மொத போணி நம்ம கையால," என்று சிரித்துக்கொண்டே, துணியில் சுற்றிய பம்ப் ஸ்டவ்வை வைத்தார். "வெடிச்சிட்டு. என்னன்னு பாரு."

காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கினேன். ஓட்டை இருந்தால் குமிழி வரும். ஒன்றுகூட வரவில்லை. பித்தளைத் தொட்டியின் ஈயப் பற்று மயிரிழைகூட விடவில்லை. கம்பெனியில் புகார் வந்தால், பத்தவைக்கிறவர்களைத்தான் முதலில் விசாரிப்போம். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு மாதிரி பம்ப் அடிக்கும். அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். எதிர்ச்சாரியில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் சிரிப்பு நின்றது. "எப்படி வருவா? என் மருமக பங்கஜம். தீக்காயத்தோட ஆஸ்பத்திரியில கெடக்கா."

பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி: "போலீஸ்காரன் ஸ்டவ்வைக் கொண்டுவரச் சொல்லுதான். நீ அந்த ஈயப் பத்தை மட்டும் உருக்கி எடுத்துரு. வெடிச்ச மாதிரி இருக்கணும்."

"வெடிக்கலியே சார்."

"வெடிச்சிட்டுன்னு சொல்லுதேன்லா?"

"அவங்க என்ன சொல்றாங்க?"

"மூஞ்சி பூராக் கட்டு. என்னத்தச் சொல்லுவா? கேஸை முடிச்சிட்டா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவோம். அப்புறம் நாங்க பாத்துக்கிடுதோம்." நிமிர்ந்தபோது சந்தனமும் சிரிப்பும் திரும்பியிருந்தன. "இந்த எடம் ஒனக்குத்தாம்மா. நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

* அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: அவர் கடைப் பலகையில் இதே ஸ்டவ் வரிசையாக நிற்கிறது. வெடிக்கவே வெடிக்காது என்று சத்தியம் செய்து விற்கிறார்.

4

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, நான் வவ்வால் மீனைக் கைல எடுத்துக்கினு, நீ எப்டி செத்தேன்னு கேட்டுக்கினா விக்கிறேன்?"

"அது செத்த மீனும்மா. பங்கஜம் இன்னும் சாவல."

"எடம் போச்சுன்னா எங்க குந்துவ? வேற எவன் சேத்துப்பான்? இன்னாத்துக்குடி உன்னைப் படிக்க வெச்சேன்?"

"அந்தாளு சொன்னதச் செய்யவா படிச்சேன்?"

[இங்கே அம்மா மனம் மாறி என் தலையைத் தடவினாள் என்று எழுதினால் ஜெயபாரதிக்குப் பிடிக்கும். அம்மா தடவவில்லை. கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.]

5

முடிவுகள்.

அ. நான் ஈயப் பற்றை எடுத்துவிடுகிறேன். இடம் நிலைக்கிறது. தொழில் பெருகுகிறது. அடுத்த மருமகளின் ஸ்டவ்வும் என்னிடமே வருகிறது. "கைராசிக்காரி" என்கிறார்கள்.

ஆ. கணேசமூர்த்தி கண்ணீர் மல்க, "என் கண்ணைத் திறந்துட்டேம்மா" என்று... சீ. இதை எழுதிய பேனாவை உடைக்கவேண்டும்.

இ. ஒன்றும் செய்யாமல் ஸ்டவ்வை அப்படியே திருப்பிக் கொடுக்கிறேன். கை சுத்தம் என்று சொல்லிக்கொள்கிறேன். அவர் வேறு மெக்கானிக்கிடம் போகிறார். இந்த முடிவுதான் நிறையப் பேருக்குப் பிடிக்கும். உங்களுக்கும் பிடித்திருந்தால் இதுவரை படித்தது வீண்.

6

விடிந்துவிட்டது. ஸ்டவ் என் எதிரில் இருக்கிறது. புளோ லாம்பை நான் தொடவில்லை. அவர் கடை திறக்கப் போகும் நேரம்.

போலீஸ் கேட்டது ஸ்டவ்வைத்தானே? நான் கொண்டுபோகிறேன். வாளியையும். அவர்கள் முன்னாலேயே காற்றடித்து முக்கிக் காட்டுகிறேன். விரட்டினால் மறுபடி முக்குவேன். பிறகு ஆஸ்பத்திரி. பத்தவைத்தவளை அவர் கூட்டிக்கொண்டு வரமாட்டார் என்றால் நான் போய்ப் பார்க்கிறேன். பங்கஜம் பேசுவாளா, போலீஸ் கேட்குமா, நாளைக்கு என் சாக்கை எந்த வாசலில் விரிப்பேன்? தெரியாது. மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். "ஸ்டவ் வெடித்து இளம்பெண்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பேப்பர்காரர்கள் அதை அச்சுக் கோத்தே வைத்திருக்கிறார்கள்.

அம்மா எழுந்துவிட்டாள். வாசலில் நின்றுகொண்டு, "எங்கடி வாளியத் தூக்கிக்கினு போற?" என்கிறாள்.

கொஞ்சம் நகரும்மா.