ஏழு பேர் வண்டி

கண்ணாடிக்காரருக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, ஒரு மனைவி, ஏழு பேர் உட்காரும் ஒரு எஸ்யூவி, நாற்பது சொச்சம் உறவினர்கள். இவற்றில் எஸ்யூவி மட்டும் உறவினர்களுக்கும் சொந்தம்.

வண்டி வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லாத இரண்டு பேருக்கு ஏழு சீட்டு எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே உள்ளே ஏறி, சீட்டு எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்பது அவருக்கு வேலை நாள். உறவில் யார் போன் செய்தாலும் முதலில் நலம் விசாரிப்பார்கள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள், "ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதானே நிக்குது?" என்பார்கள். கால் உடைந்தவரை மருத்துவமனையிலிருந்து கூட்டி வருவார். வீடு மாறுகிறவர்களின் குளிர்சாதனப் பெட்டியை ஏற்றிப் போவார். ஒருமுறை ஒரு மீன் தொட்டியைத் தண்ணீரோடும் மீன்களோடும் ஏற்றினார்கள். மீன்கள் பிழைத்துக்கொண்டன. நடு சீட்டு பிழைக்கவில்லை.

யார் எங்கே உட்காருவது என்பதெல்லாம் தானாகவே முடிவாகியிருந்தது. முன் சீட்டு மச்சானுக்கு, மனைவியின் தம்பிக்கு. அவருக்கு வழி தெரியும். குறைந்தபட்சம், வழி சொல்லத் தெரியும். நடு வரிசை பெண்களுக்கு. கடைசி வரிசையில் பைகளோடு பையாகச் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். வாயைத் திறக்க மாட்டார். ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் அவரைப் பெட்ரோல் பங்கிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். மண்டபத்தில் இறங்கும்போதுதான் ஒரு ஆள் குறைவது தெரிந்தது. அவர் பஸ் பிடித்து, சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தார். "நானே வந்துட்டேன்" என்றார். அந்த வருடத்தில் அவர் பேசியவற்றுள் நீளமானது அதுதான்.

வண்டிக்கு வயதாகிவிட்டது. குடிக்கிற டீசலுக்கு அளவில்லை. மூன்றாவது கியர் நினைத்தால் விழும், நினைக்காவிட்டால் விழாது. "இது எப்ப விழும்னு அதுக்கே தெரியாது சார்" என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். போதாக்குறைக்கு மனைவிக்கு முழங்கால் தேய்மானம். வண்டியில் ஏற ஒரு பிளாஸ்டிக் முக்காலி வைத்திருந்தார். முக்காலியில் ஏறி, வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு முக்காலி தெருவில் நிற்கும். கண்ணாடிக்காரர் சுற்றி வந்து அதை எடுத்து உள்ளே வைப்பார். இறங்கும்போது இதே சடங்கு தலைகீழாக நடக்கும்.

ஒரு ஞாயிறு மச்சான் குடும்பத்தை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போகும்போது, மேம்பால ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. மச்சான் இறங்கினார். தள்ளப் போகிறார் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். அவர் கைகாட்டி ஒரு டாக்ஸியை நிறுத்தினார். பெட்டிகள் மாறின, ஆட்கள் மாறினார்கள், டாக்ஸி போய்விட்டது. உள்ளே முக்காலியும் கணவன் மனைவியும் மிஞ்சினார்கள். சற்று நேரத்தில் போன் வந்தது.

"மாமா, ஃப்ளைட்ட பிடிச்சுட்டோம். வண்டிய நல்லா பாத்துக்கங்க. வியாழக்கிழமை திரும்பி வர்றோம்ல."

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவர். பல வருடமாக முடிவுகளை எடுத்துச் சொல்லியே அவர் குரல் ஒரு மட்டத்தில் நின்றுவிட்டது. யாருக்குச் சர்க்கரை எவ்வளவு ஏறினாலும் அந்தக் குரல் ஏறாது. அதே குரலில் சொன்னார்.

"வித்துடலாங்க."

கண்ணாடிக்காரர் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது.

பழைய கார்களை வாங்கி விற்கும் யார்டு ஊருக்கு வெளியே, ஒரு டைல்ஸ் கடைக்கும் ஒரு பல் மருத்துவமனைக்கும் நடுவில் இருந்தது. விற்பனையாளர் சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார். ஒரு சின்ன வண்டியின் முன்னால் அவர்களை நிறுத்தினார். நிறம் பழுப்பா சாம்பலா என்று அந்த வண்டியே இன்னும் முடிவு செய்யவில்லை.

"இது சாதாரண கார் இல்ல மேடம். ஜீப்பும் இல்ல. கிராஸ்ஓவர்."

"ரெண்டும் இல்லாதத எதுக்கு வாங்கறோம்?" என்றார் மனைவி.

"ரெண்டும் இருக்குன்னு சொல்ல வந்தேன் மேடம்."

"எத்தனை பேர் உக்காரலாம்?"

"அஞ்சு பேர். கொஞ்சம் அனுசரிச்சா."

"அனுசரிக்கலன்னா?"

விற்பனையாளர் பின் சீட்டை ஒருமுறை பார்த்தார். "நாலு பேர்."

மனைவி கதவைத் திறந்து, எதையும் பிடிக்காமல் உட்கார்ந்தார். இறங்கினார். மறுபடியும் உட்கார்ந்தார். முழங்காலிலிருந்து சத்தம் வரவில்லை. "இது போதும்" என்றார். வண்டி வாங்க வந்தவர்கள் இவ்வளவு சீக்கிரம் முடிவெடுத்து விற்பனையாளர் பார்த்ததில்லை. பழக்க தோஷத்தில் இன்னும் கொஞ்ச நேரம் புகழ்ந்துகொண்டிருந்தார்.

எஸ்யூவியை மதிப்பிட ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், மூன்றாவது கியரைப் போட்டுப் பார்த்தார். அன்றைக்கென்று அது வெண்ணெய் போல விழுந்தது. கண்ணாடிக்காரருக்கு அதன் மேல் கோபம் வந்தது. ஆனாலும் மதிப்பிட வந்தவர் சொன்ன விலை, பதினோரு வருட உழைப்பாளிக்குச் சொல்லும் விலையாக இல்லை. இது போதாதென்று, சின்ன வண்டிக்காகக் கையிலிருந்து மேலே கொஞ்சம் போட வேண்டியிருந்தது. யானையைக் கொடுத்து ஆட்டுக்குட்டி வாங்கினோம், ஆட்டுக்குட்டிக்காரருக்கு மேற்கொண்டு காசும் கொடுத்தோம் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார்.

"உங்க சாமானெல்லாம் எடுத்துக்கங்க சார்" என்றார்கள்.

எஸ்யூவியைக் காலி செய்யும்போதுதான் தெரிந்தது, அதில் அவர்களுடைய சாமான் என்று முக்காலியைத் தவிர எதுவுமே இல்லை. யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. மச்சானின் கழுத்துத் தலையணை. யாருடைய இடுப்பு என்றே தெரியாத ஒரு எக்ஸ்ரே. அட்டைப் பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு, புது வண்டியின் பின்னால் வைத்தார்கள். அத்தோடு அந்த இடம் நிரம்பிவிட்டது.

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. மச்சான் நேரில் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பின்கதவைத் திறந்தார், உள்ளே பார்த்தார், மூடினார்.

"அழகாத்தான் இருக்கு" என்றார், துக்கம் கேட்க வந்தவர் குரலில். "உங்க ரெண்டு பேருக்கு இது போதும் மாமா."

அத்தோடு போன் நின்றது.

முதல் ஞாயிறு கண்ணாடிக்காரர் ஒன்பது மணி வரை தூங்கினார். இரண்டாவது ஞாயிறு பரணைச் சுத்தம் செய்தார். மூன்றாவது ஞாயிறு தன் கடைப் போனிலிருந்து கைப்பேசிக்குத் தானே அழைத்துப் பார்த்தார். அது அடித்தது. எடுத்து, "ஹலோ" என்றுகூடச் சொன்னார். நான்காவது வாரம் பொறுக்க முடியாமல் சித்திக்கு அவரே போன் செய்தார்.

"இல்லப்பா, டாக்டர்கிட்ட போறதுக்கு வேற ஏற்பாடு பண்ணியாச்சு" என்று எடுத்த எடுப்பில் சொன்னார் சித்தி.

"சும்மாதான் கூப்பிட்டேன் சித்தி."

"சும்மாவா?" சித்தி கொஞ்ச நேரம் யோசித்தார். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

மனைவியிடம் சொன்னபோது அவர் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். "நம்மள தேடலங்க. சீட்ட தேடினாங்க" என்றார். இதற்கு வருத்தப்படுகிறாரா இல்லையா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்தாறு வருடமாகவே முடிந்ததில்லை. ஆனால் அன்று எப்போதையும்விட அதிகமான துணியை அவர் மடித்தார். மடித்திருந்தவற்றையும் பிரித்து மடித்தார்.

இரண்டு மாதம் கழித்து வெளியூரில் ஒரு கல்யாணம். மச்சான் போன் செய்தார்.

"எப்படி இருக்கீங்க மாமா? காலைல ஆறு மணிக்கு ரெடியா இருங்க. எல்லாரும் ஒரே வண்டில போயிடலாம். உங்களுக்கும் அக்காவுக்கும் இடம் போட்டிருக்கு."

"யார் வண்டில?"

"வரும்போது பாருங்களேன்."

ஆறு மணிக்கு வாசலில் வந்து நின்றது அவருடைய எஸ்யூவி. கழுவி, துடைத்து, நடு சீட்டுக்கு உறை மாற்றியிருந்தார்கள். ஓட்டுநர் சீட்டில் சகலை. கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் சட்டென்று இறங்கி, தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போல நின்றார்.

"யார்டுல வாங்கினேன் அண்ணே. சொல்லணும்னு நெனச்சேன்."

கண்ணாடிக்காரர் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. "நல்ல வண்டி" என்றார்.

அக்காவுக்கு முழங்கால் வலி என்று சொல்லி முன் சீட்டைக் கொடுத்தார்கள். அதில் மட்டும் மச்சான் பெரிய மனசு காட்டினார். அவரும் அவர் மனைவியும் மகளும் நடு வரிசை. கடைசி வரிசையில் ஒரு பக்கம் சகலையின் மனைவி, பரிசுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு. மறுபக்கம் கண்ணாடிக்காரர்.

தன் வண்டியில் அவர் ஒருநாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. முழங்கால் மோவாயைத் தொட்டது. ஏசி காற்று நடு வரிசையோடு திரும்பிப் போய்விட்டது. சக்கரம் நேராகத் தன் அடியில்தான் சுற்றுகிறது என்பது ஒவ்வொரு பள்ளத்திலும் தெரிந்தது. முன்னால் ஏதோ சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். என்ன என்று கேட்டார். யாருக்கும் காதில் விழவில்லை. கொஞ்சம் தாமதமாக அவரும் சிரித்து வைத்தார்.

"அவர் எத்தனை வருஷம் இங்க உக்காந்து வந்தார்?" என்று கொழுந்தியிடம் கேட்டார்.

"நீங்க வாங்கின நாள்லருந்து மாமா" என்றார் அவர். "இடது பக்கம் கொஞ்சம் சாஞ்சுக்கங்க. அவர் சாஞ்சு சாஞ்சு அங்க முதுகுக்கு ஒரு குழி இருக்கும்."

சாய்ந்தார். இருந்தது.

பாதி வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். கண்ணாடிக்காரர் காலை நீட்டி மடக்கி ரத்தத்தை ஓட விட்டார். சகலை இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"எதுக்கு வாங்கினீங்க? நீங்க ரெண்டே பேர்" என்றார் கண்ணாடிக்காரர்.

சகலை டீயை ஊதினார். ஒரு வாய் குடித்தார்.

"எங்க வீட்ல போன் அடிக்காது அண்ணே" என்றார் அப்புறம். "உங்க வண்டி இருந்தப்ப, ஒரு சீட்டு மிச்சம்னா கூப்பிடுவாங்க. நீங்க வித்ததும் அதுவும் நின்னு போச்சு. அவ ஞாயித்துக்கிழமை ஆனா நல்ல புடவை எடுத்து வெச்சுட்டு, சாயங்காலம் திரும்ப உள்ள வெச்சுடுவா. ஒருநாள் அந்த யார்டு பக்கத்து ஆஸ்பத்திரில லிஃப்ட் வேலை. வெளிய வந்து பாத்தா இது நிக்குது. தெரிஞ்ச முகமா இருந்தது."

அவர்கள் கூப்பிடுவது உங்களை இல்லை, வண்டியை என்று சொல்ல கண்ணாடிக்காரருக்கு நாக்கு நுனி வரை வந்தது. இரண்டு மாதமாகத் தனியாக உட்கார்ந்து படித்த பாடம். அதே நேரம் மச்சான் வண்டி பக்கமிருந்து, "மாப்ள, வாங்க வாங்க, நீங்க இல்லாம எப்படி போறது?" என்று கத்தினார். சகலையின் முகம் பூத்ததைக் கண்ணாடிக்காரர் பார்த்தார். டீயோடு சேர்த்து அந்தப் பேச்சையும் விழுங்கினார்.

"மூணாவது கியர் போடறப்ப ஒரு மூச்சு பொறுத்து போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

"தெரியும் அண்ணே. நீங்க போடறத பின்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன்."

கல்யாணம் நன்றாக நடந்தது. திரும்பும்போதும் கண்ணாடிக்காரர் கடைசி வரிசைதான். முதுகுக்குக் குழி கிடைத்துவிட்டதால் கொஞ்சம் தூங்கினார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சாப்பிடும்போது மனைவி, "நம்ம வண்டில நாலு பேர் தாராளமா உக்காரலாம்ங்க" என்றார்.

"அனுசரிக்காமலா?"

"அனுசரிக்காமலே."

அடுத்த ஞாயிறு சகலையையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் நீர்த்தேக்கத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். யாரையும் எங்கேயும் இறக்கிவிட வேண்டியதில்லை. அக்காவும் தங்கையும் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். சகலை முன் சீட்டில், பெல்ட்டை இரண்டு முறை சரிபார்த்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது சிக்னலில் ஒரு உயரமான கட்டடத்தைக் காட்டி, "இதுல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க அண்ணே" என்று ஆரம்பித்தார். மாட்டிக்கொண்டவர்கள் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. லிஃப்ட் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. இரண்டு பேரும் தனித்தனியாகப் போன் செய்து, உள்ளே தான் ஒருவன்தான் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இவர் ஒரு ஆளைக் காப்பாற்றத் தயாராகப் போயிருக்கிறார்.

"அப்புறம்?" என்றார் மனைவி பின்னாலிருந்து. குரல் சற்றே ஏறியிருந்தது.

"சொல்றேன் அக்கா. மேல மெஷின் ரூம் பூட்டியிருக்கு. சாவி யார்கிட்டன்னா, உள்ள மாட்டினதுல ஒருத்தர்கிட்ட."

சகலை கைகளை எடுத்து, லிஃப்ட் கதவு எப்படித் திறக்கும், எப்படித் திறக்காது என்று காற்றில் காட்டினார். நீர்த்தேக்கம் வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் மரத்தடியில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். தண்ணீர் எதிரே வெயிலில் கிடந்தது. யாரும் இறங்கவில்லை.

"இத எங்கிட்டகூட சொன்னதில்லையே" என்றார் தங்கை.

"நீ கேக்கல" என்றார் சகலை. "குறுக்க பேசாத. இப்பதான் அவர் சாவிய தேடறார்."